பரண் மேல் கிடக்கும் சக்கர நாற்காலி: உபகரண இரவல் வங்கி தொடங்குவது எப்படி?

இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்காக வாங்கிய வாக்கர், மூன்று மாதத்தில் பரண் மேல் ஏறிவிடுகிறது. இரண்டு தெரு தள்ளி, பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இந்த இரு வீடுகளையும் இணைப்பதுதான் உபகரண இரவல் வங்கி. கட்டடம் வேண்டாம், பெரிய முதலீடு வேண்டாம். ஈரம் படாத ஓர் அறை, ஒரு பதிவேடு, பொறுமையுள்ள நான்கைந்து பேர் இருந்தால் போதும்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேல். வசதி குறைந்த சில நாடுகளில் தேவைப்படுவோரில் 3 சதவீதத்தினருக்குத்தான் அது கிடைக்கிறது. நாம் நடத்தும் சிறு வங்கி இந்த எண்ணிக்கையை அசைத்துவிடாது. ஆனால் சுவரைப் பிடித்து நடப்பவருக்கு அடுத்த வாரமே வாக்கர் கிடைத்துவிடும்.

இப்படியொரு வங்கியைத் தொடங்கியபோது நாங்கள் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கிடைத்த முதல் சக்கர நாற்காலி மிகப் பெரியது. "பெரியதாக இருந்தால் நல்லதுதானே, யார் வேண்டுமானாலும் உட்காரலாமே" என்று மெலிந்த ஓர் அம்மாவுக்கு அதைக் கொடுத்தோம். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தபோது இடுப்பின் ஒரு பக்கம் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. கொடுத்த கையோடு படம் வேறு எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். அளவு நாடாவை மட்டும் கொண்டுபோகவில்லை.

படி 1: சேகரிப்பதற்கு முன் கேளுங்கள்

"வீட்டில் கிடப்பதைக் கொடுங்கள்" என்று அறிவித்துவிட்டால் ஒரே வாரத்தில் அறை நிறைந்துவிடும், ஆனால் யாருக்கும் பயன்படாத பொருள்களால். அதனால் முதலில் தேவைப்படுவோரிடம் பேசுங்கள். சக்கர நாற்காலியில் வாழ்பவர், ஊன்றுகோலில் நடப்பவர், படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்பவர் என்று பத்துப் பேரிடம் பேசினாலே எது பற்றாக்குறை என்று தெரிந்துவிடும். எங்கள் விஷயத்தில், நாங்கள் எதிர்பார்த்தது சக்கர நாற்காலி. அதிகம் கேட்டது கழிப்பறை நாற்காலி. வெளியே போவதைவிட, பிறர் கையை எதிர்பார்க்காமல் கழிப்பறைக்குப் போவது பலருக்குப் பெரிய விடுதலை. இதைக் கூச்சத்தால் யாரும் முதல் பேச்சில் சொல்வதில்லை.

முடிவெடுக்கும் குழுவிலும் மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும், ஒப்புக்கு ஒருவர் அல்ல. "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தின் பழைய முழக்கம். எட் ராபர்ட்ஸ் என்ற மாற்றுத்திறனாளியும் நண்பர்களும் 1972இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தொடங்கிய சுயசார்பு வாழ்வு மையத்தை நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே.

படி 2: எதை வாங்குவது, எதை மறுப்பது

மடக்கு சக்கர நாற்காலி, வாக்கர், கைத்தடி, அக்குள் ஊன்றுகோல், கழிப்பறை நாற்காலி, குளியல் நாற்காலி, காற்று மெத்தை ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் 50 முன்னுரிமை உதவிக் கருவிகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் பூதக்கண்ணாடி, நேரம் சொல்லும் கைக்கடிகாரம், மாத்திரைப் பெட்டி போன்ற எளிய பொருள்களும் உண்டு. இவையும் இரவலுக்கு ஏற்றவை.

செயற்கைக் கால், காலுக்கான பட்டைகள், காது கேட்கும் கருவி ஆகியவை ஓர் உடலுக்கென்றே செய்யப்பட்டவை. இன்னொருவருக்கு அப்படியே மாட்டிவிடாமல், உரிய மறுவாழ்வு மையத்திடம் ஒப்படையுங்கள். ஆக்சிஜன் இயந்திரத்தையும் மருத்துவர் வழிகாட்டல் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

உடைந்ததைத் தலையில் கட்டப் பார்ப்பவர்களும் வருவார்கள். முதலில் படம் அனுப்பச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பணிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டைக் காலி செய்பவர்களின் குப்பைத்தொட்டி அல்ல நாம்.

படி 3: சோதனையும் சுத்தமும்

சக்கர நாற்காலியைச் சோதிக்கும் வரிசை இது. இரு பிரேக்குகளையும் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் சரிசெய்யும் வரை வெளியே போகக் கூடாது. டயரில் காற்றுக் குறைந்தாலும் பிரேக் பிடிக்காது என்பதால் முதலில் காற்றைப் பாருங்கள். பின் சக்கரத்தைச் சுழற்றி ஆட்டம் இருக்கிறதா, ஸ்போக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சிறு சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். அவற்றை வெட்டி எடுத்தாலே பாதி நாற்காலிகள் இலகுவாக ஓடும். இருக்கைத் துணி தொட்டில்போலத் தொங்கினால் மாற்றுங்கள்.

கால்மிதிகள் இருக்கின்றனவா? கழற்றி வைத்த கால்மிதி திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வாங்கும் அன்றே அவற்றிலும் நாற்காலியின் எண்ணை எழுதிவிடுங்கள்.

ஊன்றுகோல், கைத்தடி, வாக்கர் எதுவானாலும் நுனியிலுள்ள ரப்பர்தான் உயிர். தேய்ந்து வழவழத்திருந்தால் ஈரத் தரையில் வழுக்கும். புது ரப்பர் முனைகளை எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

சுத்தம் செய்யும்போது முதலில் சோப்பு நீர், பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. சிறுநீர் ஊறிய பஞ்சு மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

படி 4: அளவு எடுங்கள்

கைத்தடியில் தொடங்கலாம், எளிது. வழக்கமான காலணியுடன் நேராக நிற்கச் சொல்லுங்கள். கை தளர்ந்து தொங்கட்டும். தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்றே மடங்கும். வாக்கருக்கும் இதே கணக்கு. அக்குள் ஊன்றுகோலில் மேல் கட்டைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை கைப்பிடியில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கி நடந்தால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும்.

சக்கர நாற்காலிக்கு மூன்று அளவுகள். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம் எவ்வளவோ, இருக்கையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. ஓரிரு சென்டிமீட்டர் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம். அடுத்தது ஆழம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்டிமீட்டர் கழியுங்கள். கழிக்காவிட்டால் இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்னால் அழுத்தும். அதைத் தவிர்க்க அவர் முன்னால் சறுக்கி, முதுகை வளைத்து உட்காருவார். மூன்றாவது, கால்மிதியின் உயரம். தொடை முழுவதும் இருக்கையில் படிய வேண்டும். மிதி உயர்ந்திருந்தால் முழங்கால் மேலே எழும்பி, பாரமெல்லாம் பிட்டத்தின் எலும்பில் இறங்கும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. முதுகுத்தண்டு காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு அழுத்தம் வலிக்காது. வலிக்காததால் நகர மாட்டார்கள். நகராததால் புண் வரும். சில நேரம் அந்தப் புண் உயிருக்கே உலை வைக்கும். அவர்களுக்கு வெறும் துணி இருக்கை கொண்ட நாற்காலியைக் கொடுக்கவே கூடாது. அழுத்தம் குறைக்கும் மெத்தையும் இயன்முறை மருத்துவரின் மதிப்பீடும் கட்டாயம். குழந்தைகளுக்கும், தானாக நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் இப்படியே. "எங்களால் முடியாது, இவரிடம் போங்கள்" என்று சொல்ல ஒரு மருத்துவரின் தொடர்பை முன்கூட்டியே பிடித்துவையுங்கள்.

நபரை அளந்த பிறகு வீட்டையும் அளக்க வேண்டும். கையால் ஓட்டும் நாற்காலியின் மொத்த அகலம் இருக்கையைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடுதல். கழிப்பறைக் கதவு அதைவிடக் குறுகல் என்றால் நாற்காலி வாசலோடு நின்றுவிடும். சாய்தளத்துக்கு 1:12 என்பது பொதுவான கணக்கு: 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். இடமில்லை என்று செங்குத்தாகப் பலகை சாய்ப்பது ஆளைக் குப்புறத் தள்ளும் ஏற்பாடு.

படி 5: பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் அழியாத மையில் ஓர் எண். பதிவேட்டில் பெயர், தொலைபேசி, பொருள் எண், கொடுத்த நாள், அடுத்து அழைக்க வேண்டிய நாள். நோயின் பெயரை எழுதாதீர்கள், நமக்கு அது தேவையில்லை. முதலில் மூன்று மாதத் தவணை. வேண்டுமென்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் நீட்டிக்கலாம்.

வைப்புத்தொகை வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்தில் வேண்டாம். பணமில்லாதவர் அதைச் சொல்லக் கூசி வராமலே இருந்துவிடுவார். பொருளைத் திரும்ப வரவழைப்பது பணம் அல்ல, நாம் தவறாமல் பேசும் தொலைபேசி.

கொடுக்கும்போது படம் எடுப்பதையும் அந்த அம்மாவின் புண்ணைப் பார்த்த அன்றோடு நிறுத்திவிட்டோம். நன்கொடையாளர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் நாற்காலியைப் படம் எடுங்கள், அதில் உட்காருபவரை அல்ல.

நன்கொடையாகப் பணம் வரத் தொடங்கினால் உங்கள் நாட்டுச் சட்டப்படி அமைப்பைப் பதிவு செய்து, இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.

படி 6: கொடுக்கும்போது பத்து நிமிடம்

பொருளை வாசலில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். நாற்காலியில் ஏறும் முன்பும் இறங்கும் முன்பும் பிரேக் போட வேண்டும். கால்மிதியின் மேல் நின்று எழக் கூடாது, நாற்காலி முன்னால் கவிழும். ஒற்றைப் படியில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின் சக்கரங்கள் முதலில் இறங்கும்படி மெல்ல இறக்குங்கள். கைத்தடியைப் பெரும்பாலோர் நோகும் காலின் பக்கமே பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது எதிர்க் கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். சொல்வதோடு விடாமல் அவர்களையே செய்துகாட்டச் சொல்லுங்கள். பராமரிப்பவரும் உடன் இருக்கட்டும், ஆனால் பேசுவது பயன்படுத்துபவரிடம். அவர் தலைக்கு மேலே பார்த்து "இவருக்குப் பிடித்திருக்கிறதா?" என்று மகனிடம் கேட்பது நம் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம்.

படி 7: பின்தொடர்வதும் திரும்பப் பெறுவதும்

ஒரு வாரத்தில் ஓர் அழைப்பு, ஒரு மாதத்தில் இன்னொன்று. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எங்காவது சிவந்திருக்கிறதா? எத்தனை மணி நேரம் உட்காருகிறார்? வீட்டுக்குள் எந்த இடத்தில் நாற்காலி சிக்குகிறது?" என்று கேளுங்கள். அழுத்தத்தை எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் உட்காருவதை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில அழைப்புகளில், பயன்படுத்தியவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வரும். அப்போது பொருளைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பதிவேட்டில் நாளைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் விடுங்கள். பிறகு அழைத்து, "உங்களுக்கு வசதிப்படும்போது நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் போதும். போகும்போது கால்மிதிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.