டோக்கியோவில் வீகன் சாப்பாடு: மீன் சாற்றுக்குத் தப்புவது எப்படி

டோக்கியோவில் இறைச்சியைத் தவிர்ப்பது சுலபம். பாலைத் தவிர்ப்பதும் பெரிய பாடில்லை. மாட்டிக்கொள்வது மீனிடம்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மீனிடம். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கல்லாகக் காயவைத்துச் சீவினால் கட்சுஓபுஷி. நம்மூர் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இதில் இறக்கும் சாறுதான் தாஷி. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், உதோன், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த பூசணி, இனாரி சூஷியின் தோஃபு (சோயாப் பால் கட்டி) உறை எல்லாவற்றிலும் அது இருக்கும்.

"இறைச்சி, மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். பொய் சொல்வதில்லை, சாற்றை யாரும் மீனாக எண்ணுவதில்லை. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "கட்சுஓ தாஷி வா ஹாயித்தே இமாசு கா?" (கட்சுஓ சாறு சேர்ந்திருக்கிறதா?). ஒவ்வாமை அட்டவணையும் இங்கே உதவாது. முட்டை, பால், கோதுமை, இறால் ஆகியவற்றை அதில் கட்டாயம் காட்ட வேண்டும். கட்சுஓவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொட்டலத்தின் பின்னால் உள்ள மூலப்பொருள் பட்டியலைக் கைபேசிக் கேமராவால் மொழிபெயர்த்துப் படிப்பதே வழி. கட்சுஓ, ஏதாவதொரு "எக்கிசு" (சாரம்), பன்றிக் கொழுப்பு, பால் பொடி, தேன், ஜெலட்டின் இந்த ஆறையும் தேடுங்கள்.

அடிக்கடி ஏமாற்றுபவை: நத்தோ என்ற புளித்த சோயாவுடன் வரும் சாஸ் பொட்டலம் (நத்தோவில் தவறில்லை, பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சோயா சாஸ் விடுங்கள்), ஊறுகாய்கள், கிம்ச்சி, ஜப்பானியக் குழம்புக்குக் கரைக்கும் மசாலாக் கட்டிகள், "தாஷி இரி" (தாஷி சேர்த்தது) என்று எழுதிய மிசோ. கன்வீனியன்ஸ் கடையின் உமே ஓனிகிரியிலும் (ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை) சில சமயம் தேனோ கட்சுஓவோ இருக்கும். மிசோ வாங்கும்போது பட்டியலில் சோயா, அரிசி அல்லது பார்லி, உப்பு இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

இனி வீட்டுச் சாறு. இதைக் கற்றுக்கொண்டால் ஜப்பானியச் சமையலில் பாதிக் கதவு திறந்துவிடும். கொன்பு கடற்பாசி 10 கிராம், தண்ணீர் 1 லிட்டர். கொன்பின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சை அல்ல, சுவைதான்; கழுவாமல் ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, பாத்திரத்தின் அடியில் குமிழ் எழும்போதே கொன்பை எடுத்துவிடுங்கள். கொதிக்க விட்டால் வழவழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். டோக்கியோ குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதனால் சாறு நன்றாக இறங்கும்; துவரம்பருப்பும் சீக்கிரம் குழையும்.

கொன்பு மட்டும் போட்டால் சாறு தட்டையாக இருக்கும். பலர் உப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள், பயனில்லை. கொன்பில் இருப்பது குளுட்டமேட். 1908இல் டோக்கியோ பேராசிரியர் கிகுனாயே இகேதா பிரித்தெடுத்தது அதைத்தான். அதோடு இன்னொரு சுவைப்பொருள் சேர்ந்தால்தான் ருசி பல மடங்கு ஏறும். மீன் செய்யும் அந்த வேலையைக் காய்ந்த ஷீத்தாக்கே காளானும் செய்யும். மூன்று காளானை 300 மி.லி. குளிர்ந்த நீரில், ஃபிரிட்ஜில், இரவு முழுக்க ஊறவையுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் ஊறவைத்தால் காளானில் உள்ள நொதியே அந்தச் சுவையைச் சிதைத்துவிடும். ஊறிய நீரை வடிகட்டி, சூடாக்கி, நுரையை எடுத்துவிட்டு, கொன்புச் சாறு மூன்று பங்குக்குக் காளான் சாறு ஒரு பங்கு கலக்குங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் நிற்கும்.

ஒரு கிண்ணம் மிசோ சூப்புக்கு 200 மி.லி. சாறு, ஒரு மேசைக்கரண்டி மிசோ. தோஃபுவை முதலில் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகே மிசோவைக் கரையுங்கள். கொதித்தால் வாசம் போய்விடும். சோபாவுக்குச் சாறு நான்கு பங்கு, சோயா சாஸ் ஒன்று, மிரின் (இனிப்பான அரிசி மது) ஒன்று. மிரினை முதலில் தனியாக ஒரு கொதி விட்டு ஆல்கஹாலைப் போக்கிக்கொள்ளுங்கள்.

கொன்பில் அயோடின் மிக அதிகம், அது நீரில் இறங்கவும் செய்யும். ஆகவே கொன்புச் சாற்றைத் தினமும் குடிக்காமல், சில நாள் காளான் சாறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நம் சமையலுக்கான மளிகை ஷின் ஒகுபோவிலும், இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி கசாயிலும் கிடைக்கும்: துவரை, உளுந்து, புளி, பெருங்காயம். எண்ணெயில் மட்டும் கவனம். சாதாரண ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. அதில் தாளித்தால் சாம்பார் முழுக்க அந்த வாசம்தான். "தாய்ஹாக்கு" என்று எழுதிய வெளிர் எண்ணெய் வறுக்காத எள்ளில் எடுத்தது, அதை வாங்குங்கள்.

சோயா பாலிலும் இரண்டு வகை. "முச்சோசெய்" வெறும் சோயாவும் தண்ணீரும். தயிர் உறைய இதுதான் ஏற்றது. 500 மி.லி. பாலை வெதுவெதுப்பாக்கி, இனிப்பில்லாத சோயா தயிர் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, 40 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் வையுங்கள். ஜப்பானிய அரிசி சாதத்தைக் குழைத்து இந்தத் தயிரில் பிசைந்தால் தயிர் சாதம் தோற்காது. ஆனால் இதே பால் சூடான காபியில் திரியும். காபிக்கு "சோசெய்" வகை பரவாயில்லை.

வெளியே பசித்தால், டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் தன்தன் கடையின் ராமென் முழுக்க வீகன். கோகோ இச்சிபான்யா என்ற குழம்புச்சோற்றுக் கடையின் பல கிளைகளில் விலங்குப் பொருள் சேராத காய்கறிக் குழம்பு உண்டு, ஆனால் சமையலறை பொது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் உப்பு போட்ட எதமாமேயும் (பச்சை சோயாக் காய்) காப்பாற்றும். ஹியாயாக்கோ என்ற குளிர்ந்த தோஃபு கேட்டால் "கட்சுஓபுஷி நாஷி தே" என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேலே சீவல் ஆடிக்கொண்டு வரும்.

வைட்டமின் பி12க்கு நோரி என்ற கடற்பாசித் தாளை நம்பாமல் மருந்துக்கடை மாத்திரையே எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக விருந்தென்றால் ஏற்பாடு செய்பவரிடம் சில நாள் முன்பே, தாஷியும் ஆகாது என்பதை ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் கிடைப்பது வெறும் முட்டைக்கோஸ்.