கல்யாணத்துக்குப் போகும்போது கொங்கு நாட்டுப் பழைய சர்ச்சுகளையும் பார்த்துவர

சேலத்திலிருந்து கோவை வரைக்கும் எந்த ஊர் மண்டபத்துக்குப் போனாலும், கொஞ்சம் விலகினால் பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்று இருக்கும். தூரம் பெரிய சிக்கல் இல்லை, பூட்டுத்தான் சிக்கல். கிராமத்துக் கோயில்களைக் காலைப் பூசை முடிந்த கொஞ்ச நேரத்தில் சாத்திவிடுவார்கள். அப்புறம் சாவி வைத்திருப்பவர் வந்தால்தான் கதவு திறக்கும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியில் சீர்த்தட்டும் பூக்கூடையும் இருக்கும், வரவேற்புக்கு நேரமாகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். விடிகாலை முகூர்த்தம் பார்த்து, சாப்பிட்டு, மொய் எழுதிக் கிளம்பினால் மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். வேலை நாளானால் அங்கிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். ஞாயிறானால் பூசையும் ஆராதனையும் முடிகிற பதினொரு மணிக்கு மேல் போங்கள். பகல் ஒன்றிலிருந்து நாலு வரை யாரையும் எழுப்பாதீர்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கருமத்தம்பட்டி போதும். அவினாசிக்கும் கோவைக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் ஜெபமாலை மாதா பசிலிக்கா அது, அதாவது போப் தனிச்சிறப்புத் தந்த கத்தோலிக்கக் கோயில். 1640-இல் தொடங்கிய பங்கு (ஒரு கோயிலைச் சார்ந்த சபை). கோவை மறைமாவட்டத்தின் தாய்க்கோயில் என்று இதைத்தான் சொல்வார்கள். பிரான்சிலிருந்து வந்த மரியோன் பிரேசியாக் 1846 அக்டோபர் 4-ஆம் தேதி ஆயராக (பிஷப்பாக) திருநிலைப்படுத்தப்பட்டது இந்த ஊரில்தான். பிறகு ஆப்பிரிக்காவுக்கென ஒரு மறைபணிச் சபையை நிறுவி, 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் இறந்துபோனார். இப்போது நிற்கும் கட்டடத்தை 1640-ஆம் ஆண்டுக் கட்டடம் என்று நினைத்துப் பார்க்காதீர்கள், பழமை பங்குக்குத்தான். சர்வீஸ் ரோட்டில் முன்கூட்டியே இறங்கிவிடுங்கள். தவறவிட்டால் திரும்பி வர நேரம் போகும்.

பவானிப் பக்கம் கல்யாணமானால் ஈரோடு பிரப் சர்ச்சைச் சேர்த்துக்கொள்ளலாம். பன்னீர்செல்வம் பூங்கா அருகில் இருக்கும் இந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) ஆலயம், ஆஸ்திரேலிய மிஷனரி ஏ. டபிள்யூ. பிரப் இந்திய-இஸ்லாமியக் கலைகளோடு ஐரோப்பியக் கலை கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில் கட்டியது, 1933-இல் முடிந்தது. நகரத்து ஆலயம் என்றாலும் வழியில் விட்டுவிட மனசு வராது. வேனை நிறுத்தத்தான் அங்கே திண்டாட்டம்.

சின்ன ஊர்க் கோயிலுக்குப் போவதானால் இரண்டு நாள் முன்னால் போன் செய்துவிடுங்கள். நம்பர் கிடைக்காவிட்டால் கல்யாண வீட்டிலேயே விசாரியுங்கள், உபதேசியாரையோ (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) கோயில்பிள்ளையையோ (கோயிலைப் பார்த்துக்கொள்பவர்) தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். நேரே போய் நின்றால் கோயிலை ஒட்டிய பெட்டிக்கடையில் கேளுங்கள். "ஃபாதர் இருக்காருங்களா? கோயிலை ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க" என்றால் போதும். சி.எஸ்.ஐ. ஆலயமானால் "ஐயர் இருக்காருங்களா" என்று கேட்க வேண்டும், அங்கே போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்.

வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) வைத்திருக்கும் பேழையருகே சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிற பீடத்தின் மேல் ஏறக்கூடாது, முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவும் கூடாது. பூசை நடுவே போய்விட்டால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். நற்கருணைக்கு வரிசை நகரும்போது பிரசாதம் என்று நினைத்து நம் சொந்தங்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அது ஞானஸ்நானமும் புதுநன்மையும் (முதல் நற்கருணை) பெற்ற கத்தோலிக்கர்களுக்கு மட்டும் என்று வண்டியிலேயே சொல்லிவையுங்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் கடைசியில் சுரூபங்களை (சிலைகளை) ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள், அதை விலக்கிப் பார்க்கக் கேட்காதீர்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது சுவரின் அடிப்பகுதி. இடுப்பளவு வரை பூச்சு உப்பிப் பொரிந்திருந்தால், பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு மூச்சுவிடுவதுபோல வெளியேற்றும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்போடு பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். உடைந்த ஓரத்தை உற்றுப் பாருங்கள்: வெளியே சாம்பல் நிறக் கடினத் தகடு, உள்ளே வெண்மையாக, வேகாத சுண்ணாம்புக் குருணைகளோடு பழைய சாந்து. நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், ஒரு கையளவு உதிர்ந்துவிடும். அப்புறம் மேலே பாருங்கள். தேக்கு உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரைமுறை. மணியில் வார்த்த எழுத்தையும், தரையில் பதித்த கல்லறைக் கல்லையும் படிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும்.

குடும்ப வேர் தேடுகிறவர்களுக்குக் கல்யாணத்தைவிட நல்ல சமயம் கிடைக்காது, எல்லாப் பெரியவர்களும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பந்தியிலேயே பாட்டன் பாட்டி பெயர், அவர்களுடைய ஞானப்பெயர் (ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்), அதற்குச் சாட்சியாக நின்ற ஞானத்தாய் ஞானத்தந்தை, பிறந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்றும் தேட முடியாது. பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், அந்தோணி அங்கே அந்தோனியுஸ் ஆகியிருப்பார். தாள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் பக்கத்தை ஃபாதர்தான் புரட்டுவார். முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கேட்டால் அன்றைக்கே கிடைக்காது.

கதவு திறந்துவிட்டவர் கையில் பணத்தைத் திணிக்காமல், காணிக்கையாக உண்டியலில் போடுங்கள். வெற்றிலை பாக்குப் பை ஒன்று கூடுதலாக இருந்தால் அவருக்குக் கொடுங்கள். அக்டோபர் முதல் வாரம் கருமத்தம்பட்டியில் தேர்த் திருவிழாக் கூட்டம். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தள்ளிவிட்டுப் போவது நல்லது.