நடுங்கும் ஆஸ்பெனா, பெரும்பல் ஆஸ்பெனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட மிச்சிகன் காடுகளில் மரம் பார்க்கப் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். உள்ளூர் மரம்வெட்டிகள் நடுங்கும் ஆஸ்பென், பெரும்பல் ஆஸ்பென் இரண்டையும் சேர்த்து 'பாப்பிள்' என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பாப்லர் பேரினத்தைச் சேர்ந்த இவை இரண்டும் வேறு வேறு மரங்கள். வெளிறிய பட்டையைப் பார்த்து பிர்ச் என்ற வேறொரு மரம் என்று நினைப்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். பழகப் பழக அது சரியாகிவிடும்.

இலை ஆடுவதை வைத்து முடிவு செய்வது

இரண்டுக்கும் இலைக்காம்பு தட்டை. அதனால் இரண்டுமே நடுங்கும்.

கன்றின் இலையை நம்புவது

வளர்ந்த மரத்தில் குழப்பமே இல்லை. நடுங்கும் ஆஸ்பெனின் இலை ஏறக்குறைய வட்டம்; ஓரத்தில் நுணுக்கமான பற்கள். பெரும்பல் ஆஸ்பெனின் பற்கள் பெரியவை, முனை மழுங்கியவை, எண்ணிவிடலாம். ஆனால் அந்த இலை கைக்கு எட்டாது. அதனால் காலடியில், வேரிலிருந்து கிளம்பிய கன்றின் இலையைப் பறிக்கிறார்கள். கன்றின் இலை வளர்ந்த மரத்தின் இலையைப் போல இருப்பதில்லை. நடுங்கும் ஆஸ்பெனின் கன்றிலேயே உள்ளங்கையை மிஞ்சும் இதய வடிவ இலை வரும். "இவ்வளவு பெரிய இலையா, அப்போ பெரும்பல்தான்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தனியார் நிலத்தில் இப்படித்தான் நடந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் பாதையோரக் கன்றுகளைப் பார்த்துவிட்டு, மொத்தத் தோப்பையும் பெரும்பல் என்று குறித்தார்கள். ஹைப்பாக்சிலான் என்னும் பட்டைப்புண் நோய் நடுங்கும் ஆஸ்பெனைத்தான் அதிகம் வாட்டும். பெரும்பல் ஓரளவு தாங்கும். குறிப்பை நம்பிய உரிமையாளர் மரம் வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். நின்றதோ நடுங்கும் ஆஸ்பென். புண் தண்டைச் சுற்றி வளைத்தது. காற்றடித்தபோது புண் இருந்த இடத்திலேயே மரங்கள் முறிந்தன. விற்றிருக்க வேண்டிய மரம் தரையில் கிடந்து மக்கியது. இன்றும் எனக்கு ஆறவில்லை. போன இலையுதிர்காலத்தில் வளர்ந்த மரம் உதிர்த்த சருகு அங்கேயே கிடந்ததே, குனிந்து ஒன்றை எடுத்திருக்கக் கூடாதா?

சருகும் இல்லையென்றால் மொட்டைப் பாருங்கள். பளபளப்பான பழுப்பு என்றால் நடுங்கும் ஆஸ்பென். மங்கலாக, சாம்பல் நிற மென்மயிர் படிந்திருந்தால் பெரும்பல். வசந்தத்தில் வேலை இன்னும் சுலபம். பெரும்பல் தாமதமாகத் துளிர்க்கும், துளிரில் வெண்பஞ்சு போர்த்தியிருக்கும். மற்றது பச்சையாகிவிட்ட மலைச்சரிவில் பெரும்பல் கூட்டம் மட்டும் வெள்ளியாகத் தெரியும். தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பட்டை நிறம்

இளம் பெரும்பல்லில் மஞ்சள் சாயல் உண்டு. வயதானால் இரண்டுக்கும் அடிமரம் கறுத்து வெடித்துவிடும். துணைச் சான்று, அவ்வளவுதான்.

ஒரே மரத்தைப் பல மரங்களாக எண்ணுவது

இரண்டுமே வேர் வழியாகப் பரவுபவை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருபது தண்டுகளும் ஒரே உயிராக இருக்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்ற நடுங்கும் ஆஸ்பென் சுமார் 43 ஹெக்டேருக்கு விரிந்திருக்கிறது. ஒரு கூட்டத்தில் பத்து இலை பறித்து ஒப்பிட்டுப் பயனில்லை. தள்ளித் தள்ளி இருக்கும் கூட்டங்களுக்குப் போங்கள்.

நிற்கும் இடத்தை மறப்பது

நடுங்கும் ஆஸ்பென் அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ மலைகள் வரை உண்டு. பெரும்பல் வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பாதியோடு சரி. மேற்கே கொலராடோ காட்டில் அதைத் தேட வேண்டாம்.