புதிதாக வந்தவர் மறுவாரம் ஏன் வரவில்லை? சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசீர்வாதம் கூறி முடித்துப் போதகர் வாசலுக்கு வந்து நிற்க ஐந்து நிமிடம் ஆகும். புதிதாக வந்தவரைப் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இழக்கிறோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து குடிவந்த குடும்பங்கள் கூடி உருவாக்கிய ஒரு சென்னைப் புறநகர் சபையில் நான் பல வருடம் கமிட்டியில் இருந்தேன். "சபையில் எழுப்புதல் வேண்டும்" என்று பேசாத கூட்டம் இல்லை. பேச்சு எப்போதும் புரொஜெக்டர், புதுக் கீபோர்டு, மூன்று நாள் கன்வென்ஷன் என்றே போகும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் எடுத்துப் பேசியதில்லை. நானும்தான்.

அந்த நேரத்தில் நம் வாயில் முதலில் வருவது, "சொந்த ஊர் எது?" அன்பான விசாரிப்புதான். நாசரேத் என்றோ மார்த்தாண்டம் என்றோ பதில் வந்ததும், "அங்க எந்தத் தெரு? யாரு வீடு?" என்று அடுத்த கேள்வி கிளம்பும். அது எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கச்சி இரண்டு ஞாயிறு வந்தாள், பிறகு காணோம். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்துக் கேட்டேன். "ஜெபம் பண்ண வந்த இடத்துலயும் தெருப் பேரைச் சொல்லணுமா அண்ணே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், பஸ் வசதி எப்படி, மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்ததும் அதுதான், ஹாஸ்டலில் ஞாயிறு மதியம் சமையல் கிடையாது.

இது நேற்று வந்த நோய் இல்லை. சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இன்று சாதிக்கொரு தனி வரிசை இல்லை என்று நாம் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். ஆனால் "இது எங்க அப்பா காலத்திலிருந்தே எங்க இடம்" என்று புதியவரை எழுப்பி உட்காருவது பல ஆலயங்களில் நடக்கிறது. பழையவர்கள் பின்வரிசைகளை நிரப்பிக்கொண்டு முன்வரிசைகளைக் காலியாக விடுவதும் அதே அளவு தவறு. கூச்சத்தோடு நுழைகிறவர் அத்தனை கண்களுக்கும் நடுவே முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் இரண்டு பெஞ்சை அவருக்காக விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்? அறிவிப்பு நேரத்தில் எழுப்பி நிறுத்திக் கைதட்டுவதையும் விட்டுவிடலாம். அதை விரும்பி வருகிறவர்கள் மிகச் சிலரே.

அடுத்தது, பழையதை எல்லாம் தூக்கிப்போட்டால் சபை புதிதாகிவிடும் என்ற நினைப்பு. புதியவருக்குக் கஷ்டம், நம் ராகங்களில் பாடும் பழைய கீர்த்தனையால் வருவதில்லை. பலகையில் எண் இருக்கிறது, அது மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையா கீர்த்தனையா என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் புத்தகமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் பக்கத்தைத் திருப்பித் தன் புத்தகத்தை நீட்டினால் தீர்ந்துவிடும் விஷயம் இது. கோயில் ஒலிபெருக்கியில் ராகங்களைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, கிட்டார் பாட்டைவிடத் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை நெருக்கமாகப் படவும் கூடும்.

நம் கையிலேயே ஒரு நல்ல மருந்து இருக்கிறது. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் வந்த அதன் நற்கருணை (திருவிருந்து) ஆராதனை முறைமையில், சமாதானம் கொடுப்பது, அதாவது கைகோத்து ஒருவரையொருவர் வாழ்த்துவது, சபையார் அனைவருக்கும் உரியதாக வைக்கப்பட்டது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது அது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார், இருவரும் இடது கையால் அடுத்தவரின் வலது கையைப் பொத்திக்கொள்வார்கள். இப்படித் திருவிருந்து மேசையிலிருந்து ஒவ்வொருவராகக் கை மாறிக் கடைசி வரிசைவரை வரும். பிற்பாடு வேறு பல நாட்டுச் சபைகள் இந்த வழக்கத்தை மீட்டுக்கொண்டபோது, நம் முறைமை அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. இன்று நம்மில் பலர் இருந்த இடத்திலிருந்தே அரைகுறையாகக் கும்பிட்டு முடித்துவிடுகிறோம், அதுவும் தெரிந்த முகங்களுக்கு மட்டும். அந்தக் கை புதியவர்வரை போகாவிட்டால் வாசலில் வரவேற்புக் குழு போட்டும் பயனில்லை.

பிற மதத்தவர் வரும்போது செய்யும் தவறு இன்னும் கனமானது. வீட்டுக்குத் தெரியாமல், ஏதோ ஒரு பாரத்தோடு ஜெபத்துக்கு வந்திருப்பார். அவரைப் படமெடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போட்டால் அன்று மாலையே அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டாமா? ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துவதும் கூடாது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். படிப்பு, வேலை இரண்டையும் தொடுகிற விஷயம். அதை அவரிடம் உள்ளபடி சொல்லிவிட்டு, எத்தனை வருடமானாலும் காத்திருப்பதுதான் நேர்மை. ஆணையே அநியாயம் என்று நான் நம்புகிறேன். தலித் கிறிஸ்தவர்கள் அதற்கு எதிராக நீண்ட காலமாகப் போராடியும் வருகிறார்கள். ஆனால் அதன் விலையை அவர் தலையில் மட்டும் சுமத்த நமக்கு உரிமை இல்லை.

கமிட்டித் தேர்தல் நெருங்கும்போது மட்டும் புதியவர் வீடு தேடிப் போய்ச் சந்தாவைக் கட்டவைத்துப் பட்டியலில் பேர் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் முடிந்ததும் அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அது அவருக்குப் புரிந்துவிடும்.

வந்து ஆறேழு மாதமாகியும் "விருந்தாளி"யாகவே வைத்திருப்பதும் ஒரு வகையில் வெளியே நிறுத்துவதுதான். நன்றாகப் பாடுவாரா என்று கேட்டுப் பாடகர் குழுவில் சேருங்கள், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பைக் கொடுங்கள். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் எங்கள் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி கத்தரிக்காய் நறுக்குவது சில குடும்பங்களின் பரம்பரை உரிமை மாதிரி இருந்தது. ஒரு வருடம் ஆள் பற்றாததால், அப்போதுதான் குடிவந்த ஒரு தம்பியை உட்கார வைத்தோம். அவர் நறுக்கியதைப் பார்த்த ஒரு பெரியம்மா, "துண்டு பெருசா இருந்தாத்தான்யா குழம்புல கரையாது" என்று தன் கத்தியை எடுத்துக் காட்டிக்கொடுத்தார். விடிய ஒரு மணிவரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கினார்கள். ஊரை அந்தப் பெரியம்மா கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தன் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.