நிழல் விழுந்தால் மட்டும் நுவார் ஆகிவிடாது

ஃபிலிம் நுவார், அதாவது 1940, 50களின் ஹாலிவுட் குற்றப்படங்களின் இருண்ட பாணியில் குறும்படம் எடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஜன்னல் பிளைண்ட்ஸின் கோடுகளை முகத்தில் விழவைத்து, பின்னணியில் சாக்ஸபோனை ஒலிக்கவிடுவது. பெரிய தவறு இதுதான்.

பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி'யில் (1944) அந்த நிழல்கோடுகள் தாராளமாகவே உண்டு. ஆனால் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃபும் ஃபில்லிஸும் அவள் கணவனைத் தீர்த்துக்கட்டுவது பற்றிப் பேசுவது வெளிச்சமான மளிகைக் கடையில், டின்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே. கொலைப் பேச்சின் இடையில் ஒரு பெண்மணி வந்து, மேல் தட்டில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்கிறார்! 'லீவ் ஹெர் டு ஹெவன்' (1945) டெக்னிகலரில் எடுத்த வண்ணப் படம். பட்டப்பகலில் ஒரு சிறுவன் ஏரியில் மூழ்குகிறான். கறுப்புக் கண்ணாடி போட்ட நாயகி படகில் அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறாள். இருட்டு ஆளுக்குள் இருந்தால் விளக்கை அணைக்க வேண்டியதில்லை.

அடுத்தது, நாயகன் துப்பறிவாளனாக இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணம். 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) பதித்துவிட்டுப் போன பிம்பம் அது. நெஃப் பாலிசி விற்கிறவன். 'டிடூர்' (1945) நாயகன் பியானோ வாசிக்கிறவன். 'சன்செட் பொலிவார்ட்' (1950) நாயகன், கடனுக்குக் காரைப் பறிகொடுக்காமல் இருக்க ஓடி ஒளியும் திரைக்கதை எழுத்தாளன். பெரும்பாலும் சாதாரண ஆட்கள்தான். தப்பு என்று தெரிந்தும் ஓர் அடி எடுத்துவைக்கிறவர்கள்.

அதனால், கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை மூடிவைப்பதும் பல நேரம் வீண். நெஃப் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே டிக்டபோன் என்ற குரல்பதிவுக் கருவியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். 'சன்செட் பொலிவார்ட்' கதையைச் சொல்கிறவனோ நீச்சல் குளத்தில் பிணமாக மிதக்கிறான். எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்பதுதான் கேள்வி. இந்தப் படங்களில் பின்னணிக் குரல் கிட்டத்தட்ட ஒரு வாக்குமூலம். கதை புரியாத இடத்தில் ஒட்டுப்போட அதைப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம்.

பெண் பாத்திரத்தையும் வெறும் மயக்குக்காரியாக எழுதிவிடுகிறார்கள். 'கில்டா'வில் (1946) ரீட்டா ஹேவர்த்தின் பாத்திரத்தைப் பற்றிப் படம் முழுக்கச் சந்தேகப் பேச்சுதான். கடைசியில் பார்த்தால் அதில் பெரும்பகுதி நாயகனின் மனதில் இருந்த விஷம்.

அப்புறம் சோக முடிவு. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி குற்றவாளி தப்பிக்கக் கூடாது. அதாவது, இந்த முடிவுகளையெல்லாம் தலைவிதியின் தத்துவமாக மட்டும் பார்க்க முடியாது. இருந்தும் வைல்டர், நெஃபுக்கு விஷவாயு அறையில் மரண தண்டனை நிறைவேறும் காட்சியைச் செலவு செய்து படமாக்கிவிட்டு, தேவையில்லை என்று வெட்டிவிட்டார். அழிந்தவனை இன்னொரு முறை கொல்லவேண்டியதில்லை.

தமிழில் இதற்கு உதாரணம் கேட்டால் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பெயர்தான் முதலில் வரும். அதன் ராஜன், தன் திறமையை யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பிலேயே நாட்டைக் காட்டிக்கொடுக்கிற ரேடியோ இன்ஜினியர். சிவாஜி கச்சிதமாகச் செய்திருப்பார். நாம்தான் பாட்டே இல்லாத படம் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.