துத்தம், துரிசு, விட்ரியால்: பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் காயழுகலுக்கு மருந்தடிக்கும் வேலை தொடங்கிவிடும். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி வருகிறவர்கள் மயில்துத்தம் என்பதைத்தான் இங்கே மலையாளக் கடைக்காரர் துரிசு என்கிறார். இரண்டும் காப்பர் சல்பேட்தான். வெறும் ‘துத்தம்’ என்று கேட்டால்தான் வில்லங்கம். துத்தநாகத்தின் சுருக்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். துத்தநாக உப்பு வெள்ளைத்துத்தம். அது செடிக்குச் சத்தாகப் போடுவது. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. மயில் கழுத்து நிறத்தால் வந்த பெயர். மாற்றி வாங்கிப் போனால் காய் அழுகுவது நிற்காது.

ஐரோப்பியரும் தோற்றத்தைப் பார்த்தே பெயர் வைத்தவர்கள்தான். லத்தீனில் ‘விட்ரம்’ என்றால் கண்ணாடி. கண்ணாடிபோல் மின்னும் இந்தப் படிகங்களை எல்லாம் விட்ரியால் என்றார்கள்: நீலம் செம்பு, பச்சை இரும்பு, வெள்ளை துத்தநாகம். பிற்கால ரசவாதிகள் ‘VITRIOL’ என்ற ஏழு எழுத்துக்கும் ஏழு லத்தீன் சொற்களைப் பொருத்தி, ‘பூமியின் உள்ளே போய்ப் பார், தூய்மைப்படுத்து, மறைந்திருக்கும் கல்லைக் காண்பாய்’ என்று ஒரு வாக்கியமே கட்டிவிட்டார்கள். ரசமான விளையாட்டுதான். ஆனால் அதிலிருந்துதான் பெயரே வந்தது என்று எழுதிவிடாதீர்கள். பெயர் முந்தியது.

‘ஆயில் ஆஃப் விட்ரியால்’ எண்ணெய் அல்ல, கந்தக அமிலம். பச்சை விட்ரியாலைச் சூடாக்கி வடித்தெடுத்த, எண்ணெய்போல் கெட்டியான திரவம் என்பதால் அந்தப் பெயர். பச்சை விட்ரியால்தான் நம் நாட்டு மருந்துக்கடை அன்னபேதி. ‘பேதி’ என்று முடிவதால் பேதி மருந்தாக எண்ணி வீட்டில் யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. அது இரும்பு உப்பு. அளவு மீறினால் குழந்தைகளுக்கு உயிராபத்து.

சரியான துரிசை வாங்கிவந்தும் கலக்கும்போது கெடுப்பவர்கள் உண்டு. காயழுகலுக்கு அடிக்கும் மருந்து, துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. 1% கலவைக்கு 1 கிலோ துரிசை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். துரிசு நீரைத்தான் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கிளற வேண்டும், மாற்றி அல்ல. இரும்பு வாளி கூடாது, பிளாஸ்டிக் டிரம் போதும். கலந்ததும் பளபளப்பான அரிவாள் நுனியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேருங்கள். இல்லாவிட்டால் இலை கருகும். கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.