சாரல் இறங்குமுன் வீட்டில் எலிக்கு வழி அடைப்பது

செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கத்து வீடுகளில் எலி ஏறுவதற்கென்று காலம் உண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் வரப்பு வளைகளில் தண்ணீர் புகும். கார் அறுப்பு முடிந்தாலும், மாசி பங்குனியில் பிசான அறுப்பு முடிந்தாலும் வயலில் தீனி இருக்காது. இந்த மூன்று சமயத்திலும் வயலை ஒட்டிய தெருக்களில் மச்சுக்கு மேலே ஓட்டம் கேட்கும். உடனே கடைக்குப் போய் மருந்து வாங்கி வைப்பதுதான் வழக்கம். நாலு எலி சாகும். வந்த வழி திறந்தே கிடப்பதால் வேறு நாலு வரும். ஒரு பெட்டை எலி சினையாகி மூன்று வாரத்தில் ஈன்றுவிடும், ஈற்றுக்கு 5 முதல் 8 குட்டி. கொன்று தீர்க்க முடியாத கணக்கு இது. அதனால் வேலையில் முக்கால் பங்கு ஓட்டை அடைப்பதுதான், பொறிக்குக் கால் பங்கு போதும்.

முதலில், வந்திருப்பது எது என்று தெரிய வேண்டும். புழுக்கையைப் பாருங்கள். நொய்யரிசி அளவில், 3 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக, இரு முனையும் கூர்ந்திருந்தால் வீட்டெலி. அதையும் விடப் பெரிதாக, முனை மழுங்கி, புறவாசலில் புது மண் குவிந்த வளைக்குப் பக்கத்தில் கிடந்தால் பெருச்சாளி. வீட்டெலிக்கு வால் உடம்பைவிட நீளம். ஏறுவதில் கெட்டிக்காரன், மச்சிலும் கைமரத்திலும்தான் குடியிருப்பு. பெருச்சாளி தரையை விட்டு அதிகம் ஏறாது, சாக்கடையும் அஸ்திவாரமும்தான் அதன் இடம். சுண்டெலி ஃபிரிட்ஜ் அடியிலோ பழைய துணி மூட்டையிலோ கூடு வைத்து, அதைச் சுற்றிச் சில மீட்டருக்குள்ளேயே காலம் தள்ளிவிடும். பொறியை எங்கே வைப்பது என்பது இதைப் பொறுத்தது. பட்டாசல் என்கிற கூடத்துத் தரையில் பத்துப் பொறி வைத்தாலும் மச்செலி சிக்காது.

நீண்ட மூக்கோடு, சுவரை ஒட்டி 'கிச் கிச்' என்று கத்திக்கொண்டு ஓடுவது மூஞ்சூறு. நாற்றம் உண்டே தவிர அது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்று பிழைப்பது. அதைக் கொல்லாதீர்கள். புறவாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சுவரோரமாகவே வெளியே போய்விடும்.

அடுத்தது தடம் பார்ப்பது. இரவு விளக்கை அணைக்குமுன் கல்மாவுக் கோலப்பொடியைச் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவுங்கள். அரிசி மாவு ஆகாது, தின்றுவிடும். அடுக்களை மேடைக்கு அடியில், சாமான் வைக்கும் உள்ளறையான அரங்கு வாசலில், குளியலறைக் குழாய்ப் பக்கம், மச்சுப் படியில் என்று ஐந்தாறு இடம் போதும். காலையில் பெருக்குமுன் டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள். முன்காலுக்கு நாலு விரல், பின்காலுக்கு ஐந்து விரல், நடுவே வால் இழுபட்ட கோடு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே திரும்பியது என்பது எழுதி வைத்ததுபோல் தெரியும். மேலே கைமரத்திலும் சட்டத்திலும் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். தினமும் ஒரே வழியில் உடம்பு உரசிப் போவதால் அந்தக் கறை படியும். சந்தேகமான ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். இரண்டு இரவுக்குள் வெளியே தள்ளியிருந்தால் ஓட்டை புழக்கத்தில் இருக்கிறது.

அடைப்பது

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் போதும். ஒரு பென்சில் உள்ளே போகிற ஓட்டை எதுவானாலும் அடைத்தாக வேண்டும். வீட்டெலிக்குக் கட்டைவிரல் நுழையும் இடம் போதும்.

ஓட்டு வீட்டில் பெரிய வாசல், சுவரின் தலைப்பும் ஓடும் சேரும் இடம். ஒவ்வொரு கைமரத்துக்கும் இடையில் அங்கே ஒரு முக்கோணச் சந்து இருக்கும். அதைச் சிமெண்ட் வைத்து மூடினால் மச்சில் காற்றோட்டம் நின்று மரம் உளுத்துப் போகும். கால் அங்குலக் கட்டம் உள்ள வெல்டுமெஷ் இரும்பு வலையை அளவாக வெட்டி, ஓரத்தை ஒரு அங்குலம் மடித்து, வாஷர் வைத்து அடியுங்கள். நைலான் கொசுவலையை ஒரே இரவில் கடித்துவிடும். முகட்டோட்டின் சாந்து வெடித்திருந்தால் அதையும் பூச வேண்டும், மழைக்காகவும் எலிக்காகவும்.

குழாய், வயர் நுழையும் ஓட்டைகளில் பலரும் செய்கிற தவறு, சாயங்காலம் சிமெண்ட் பூசுவது. ஈரச் சாந்தை எலி அன்றிரவே பறித்துவிடும். மறுநாள் பார்த்தால் அதே ஓட்டை, முன்னைவிடப் பெரிதாக. முதலில் இரும்பு வலையைச் சுருட்டி ஓட்டைக்குள் இறுக்கமாகத் திணியுங்கள். அதன் மேல் ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், ஒரு பிடி உடைந்த கண்ணாடித் தூள் சேர்த்துப் பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குள் முடித்தால் இரவுக்குள் இறுகிவிடும். டப்பாவில் வருகிற நுரை மட்டும் போதாது, எலிக்கு அது ரொட்டி மாதிரி. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் திணிப்பதானால் துருப்பிடிக்காத எஃகு நாராக இருக்கட்டும். சாதா இரும்பு நார் சாரல் ஈரத்தில் துருவாக உதிர்ந்துவிடும்.

கதவுக்கு அடியில் அலுமினியப் பட்டை அடியுங்கள், வெறும் ரப்பரைக் கடித்துவிடும். சாக்கடை வாய்க்குத் திருகாணி வைத்த இரும்பு ஜல்லடை வேண்டும். சும்மா மேலே வைத்ததைப் பெருச்சாளி தலையால் தூக்கிவிடும்.

தென்னை மட்டை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் கீழே எத்தனை அடைத்தும் பயன் இல்லை. கூரையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் அதற்கு மேலும் இடைவெளி இருக்கும்படி வெட்டுங்கள். மரத்தில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கு மேல், 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் ஏறுகிற எலி வழுக்கும். பக்கத்து மரத்தின் மட்டை இதைத் தொடுமானால் அந்த மரத்துக்கும் அடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். உள்ளே மாட்டிய எலி புதுவழி தேடிக் கதவையும் வயரையும் கடிக்கும், இல்லாவிட்டால் மச்சிலேயே செத்து நாறும். தடம் அதிகமாகத் தெரிந்த ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடையுங்கள். பொறி அந்த வழியில்தான்.

தீனியை நிறுத்துவது

பத்தாயத்துக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும். நெல் மூட்டை பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. அரிசி, பருப்பு, கோழித் தீவனம் எல்லாம் தகர டின்னில். மரச்சீனிக் கிழங்கையும் உரித்த தேங்காயையும் அரங்குத் தரையில் குவிக்காதீர்கள். மீன் கழுவிய தண்ணீரும் நாய்க்கு வைத்த மிச்சச் சோறும் இரவில் இருக்கக் கூடாது. வேறு தீனி கிடைக்கிறவரை பொறியில் வைத்த தேங்காயை எலி திரும்பிப் பார்க்காது.

கேஸ் டியூபையும் இந்தச் சமயத்தில் கையால் தடவிப் பாருங்கள். அடுப்புக்குப் பின்னால் சுவரோரம் போகிற இடத்தில் சிறு பற்குறி இருந்தாலும் ரெகுலேட்டரை மூடிவிட்டு டியூபை மாற்றுங்கள். உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிற டியூப்தான் நல்லது.

பொறி

வீட்டெலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் கிட்டப் போகாது. வாங்கி வந்த அன்றே பொறியை ஏற்றி வைத்தால், விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஓடும். அதற்குப் பிறகு அந்தப் பொறிக்கு மாதக்கணக்கில் சிக்காது. முதல் மூன்று இரவு ஏற்றாமல் தீனி மட்டும் வையுங்கள். மூன்றாம் நாள் தீனி காலியானால் நாலாம் இரவு ஏற்றுங்கள்.

நெருப்பில் சுட்ட தேங்காய்ச் சில்லு, நெத்திலிக் கருவாடு, மசால் வடை இவற்றில் எதுவும் ஆகும். பட்டாணி அளவு போதும். பெரிதாக வைத்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். நூலால் கட்டினால் இழுத்தே ஆக வேண்டும், பொறியும் விழும். அடிப்பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனித் தட்டு சுவரைத் தொடுகிற மாதிரி வையுங்கள். வீட்டெலிக்கு 5 மீட்டருக்கு ஒன்று, சுண்டெலிக்கு 2 மீட்டருக்கு ஒன்று. ஒரே ஒரு பொறி வைத்து நாளுக்கு ஒன்றாகப் பிடிப்பதைவிட, ஆறேழு பொறியை ஒரே இரவில் ஏற்றுவதுதான் பலன் தரும். மச்சில் வைப்பதைக் கம்பியால் சட்டத்தோடு கட்டுங்கள். கூண்டில் பிடித்ததைப் பக்கத்துத் தெருவில் விட்டால் மறுநாளே வீடு திரும்பும். பசை அட்டை வேண்டாம். எலி மணிக்கணக்கில் துடிக்கும், பல்லியும் மூஞ்சூறும் ஒட்டிக்கொள்ளும்.

விஷத்தைக் கடைசியாகத்தான் நினைக்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே வளையில். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் ஈரலை அழிக்கிற பொருள். அதற்கு மாற்று மருந்து இல்லை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துத்தநாக பாஸ்பைடும், மூட்டைக்கு வைக்கிற அலுமினிய பாஸ்பைடு மாத்திரையும் ஈரம் பட்டால் நச்சுவாயு விடும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஆள் படுக்கிற வீட்டுக்குள் இவை கூடவே கூடாது. புரோமடையலோன் 0.005 சதவீதக் கட்டி ரத்தத்தை உறையவிடாமல் செய்து, நாலைந்து நாள் கழித்தே கொல்லும். குழந்தையும் நாயும் தொட முடியாத மூடிய பெட்டியில் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதற்கு வைட்டமின் கே ஊசி உண்டு.

சுத்தம்

ஏழு இரவு கோலப்பொடியில் தடம் விழவில்லை என்றால் கடைசி வழியையும் அடையுங்கள். பிறகு புழுக்கையை விளக்குமாறால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, 15 நிமிடம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். இந்தத் தண்ணீரோடு ஆசிட் சேர்க்கவே கூடாது. செத்த எலியைப் பாலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள்.

எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் வெறுங்காலோ வெட்டுக்காயமோ பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். மலைக்கு அந்தப் பக்கம் எலிப்பனி என்பார்கள், மழைக்காலத்தில் கேரளம் முழுக்க எச்சரிக்கை கொடுக்கும் நோய் அது. சுத்தம் செய்த நாளிலிருந்து மூன்று, நாலு வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போனதும், வீட்டில் எலிப் புழுக்கை அள்ளினேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.